ஸ்டெப்னி இருக்க வேண்டிய இடத்தில்

தங்கையின் வளைகாப்புக்காக சிவகாசியிலிருந்து பெங்களூருக்கு வாடகைக் கார் எடுத்தோம். நான்தான் ஓட்டினேன். பின் சீட்டில் மகள் தூங்கிக்கொண்டே வந்தாள். நிறுத்திய இடத்திலெல்லாம் என் கணவர் டிக்கியில் சாய்ந்து நின்று சிகரெட் பிடித்தார்.

கரூர் தாண்டி டயர் பஞ்சர். பக்கத்துப் பஞ்சர் கடைக்காரர் வந்து டிக்கியைத் திறந்ததுமே, "என்னங்க, வெடிமருந்து வாசம் அடிக்குது?" என்றார். பெட்டிகளை இறக்கி, அடியில் கிடந்த விரிப்பைத் தூக்கினால், ஸ்டெப்னியைக் காணோம். அந்தக் குழி நிறையச் சரவெடி! கணவர் கையில் சிகரெட் புகைந்துகொண்டிருந்தது. "தூரப் போங்க!" என்று அலறிவிட்டு மகளை வெளியே இழுத்தேன்.

கார்க்காரருக்குப் போன் போட்டேன்.

"தீபாவளி சீசன்ல லோடு ஏத்தினது அக்கா, இறக்க மறந்துட்டேன். ஸ்டெப்னி பத்திரமா நம்ம வீட்லதான் இருக்கு."

"எம்பிள்ளை இதுக்குப் பக்கத்துலதான்யா தூங்கிட்டு வந்தா!"

"ஒண்ணும் ஆகலைல்ல? சரக்கை மட்டும் அங்கன எங்கயும் போட்டுறாதீக. ஆர்டர் சரக்கு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போனை வைத்துவிட்டுத் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லி, அவ்வளவையும் ஒப்படைத்தேன். அந்த ஆளுக்கு அதுதான் பெரிய வருத்தமாம்!

இப்போதெல்லாம் டிக்கி விரிப்பைத் தூக்கிப் பார்க்காமல் நான் எந்தக் கார்ச் சாவியையும் வாங்குவதில்லை. வாசத்தை வைத்துக் கண்டுபிடிக்கலாமே என்று தங்கை கேட்டாள். கரூர்க் கடைக்காரருக்கு டிக்கியைத் திறந்ததும் தெரிந்தது. காலையிலிருந்து அந்தக் காருக்குள்ளேயே இருந்த எங்களுக்குத் தெரியவில்லை. சிவகாசிக்காரர்கள் எங்கள் துணிமணியிலேயே அந்த வாசம்தானே!