கூரை மேல் போன முன்பல்

இது நடந்தது 2003 மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, சதுரங்கப்பட்டினத்தில் என் அக்கா வீட்டில். அப்போது நான் பல் டெக்னீஷியன் படிப்பை முடித்துவிட்டு, செங்கல்பட்டில் ஒரு பல் மருத்துவரின் லேபில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் நோயாளியின் வாயில் எடுத்து அனுப்பும் அச்சை வைத்து பல் செட், கேப், பிரிட்ஜ் எல்லாம் செய்து கொடுப்பது எங்கள் வேலை. விழுந்த பல்லுக்கு மாற்றுப் பல் செய்கிறவள் என்பதால், அன்று எனக்கு வந்த எரிச்சலைப் புரிந்துகொள்வீர்கள்.

அக்காவும் நானும் மீன் வாங்கக் கடற்கரைக்குப் போயிருந்தோம். திரும்பி வந்தபோது அக்காவின் ஒன்பது வயது மகள் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். உதடு வீங்கியிருந்தது. கையில் ரத்தம் படிந்த கைக்குட்டை. சைக்கிள் ஓட்டி, சிமெண்ட் படியில் முகம் மோத விழுந்திருக்கிறாள். வாயைத் திறக்கச் சொன்னேன். மேல் வரிசையில் நடு முன்பல் ஒன்று வேரோடு காணோம்.

"பேசினா காத்து போவுது சித்தி" என்றாள். அழுது முடித்து, அதை வேடிக்கையாகப் பார்க்கும் நிலைக்கு வந்திருந்தாள்.

எனக்கு எதையும் வரிசை போட்டு யோசிக்கும் பழக்கம். ஒன்று, பல்லைக் கண்டுபிடிக்க வேண்டும். இரண்டு, வேரைத் தொடாமல் பாலில் போட வேண்டும். மூன்று, ஒரு மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் போக வேண்டும். போனால் அதே பல்லை அதே குழியில் வைத்துக் கட்டிவிடலாம். முதல் கேள்வியை அக்கா வீட்டுக்காரரிடம் கேட்டேன். மாமா மறைமலைநகரில் ஒரு கம்பெனிக்குப் பஸ் ஓட்டுகிறவர். அன்று அவருக்கு லீவு.

"பல்லு எங்க மாமா?"

"அதெல்லாம் ஜோரா முடிச்சிட்டேன். பக்கத்து வூட்டு மாட்டு சாணில உருட்டி, புதுப் பல்லு குடுன்னு சொல்ல வெச்சி, கூரை மேல போட்டாச்சு. ஒரே வீச்சு!"

நான் சத்தம் போடுகிற ஆள் இல்லை. "மாமா, அது பால் பல் இல்ல. அது விழுந்து முளைச்ச பல். இனிமே முளைக்காது" என்றேன்.

"இன்னாம்மா நீ, சின்னப் பொண்ணுதானே. முளைக்கும், முளைக்கும்."

அக்கா மீன் பையைக் கீழே போட்டாள். அதற்குப் பிறகுதான் அவருக்கு விஷயம் உறைத்தது.

சமையலறைக்கு மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். காலை வைத்தால் உடையும். மொட்டை மாடியில் போட்டால் மிதிபடும் என்று பார்த்துப் பார்த்து அங்கே போட்டிருக்கிறார். ஏணி வருவதற்குள் தெருவே வந்துவிட்டது. ஆளுக்கொரு யோசனை. கடலுக்குப் போகும் ஒருவர், "அண்ணாத்த, பைப்பை புட்சி தண்ணி அடி. தானா கீழ வந்துடும்" என்றார். சாக்கடைக்குள் வரும் என்றேன். ஓர் அம்மா, "இந்நேரம் அணில் தூக்கினு போயிருக்கும். நல்ல சகுனம்தான்" என்றார். இன்னொருவர் என்னைக் காட்டி, "பல்லு செய்ற பொண்ணு வூட்லியே இருக்குது, ஒண்ணு செஞ்சி குடுத்துட்டா போவுது" என்று சிரித்தார்.

செய்து கொடுக்கலாம்தான். அது என்ன லட்சணத்தில் இருக்கும் என்று எனக்குத்தான் தெரியும். பிரிட்ஜ் கட்ட வேண்டுமானால் இரண்டு பக்கத்துப் பற்களையும் ராவிச் சிறிதாக்க வேண்டும்; ஒன்பது வயதில் அதைச் செய்யக் கூடாது. கழற்றி மாட்டும் பல் வைத்தால், தாடை வளர வளர மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பல் இல்லாத இடத்தில் எலும்பும் கரைந்துகொண்டே போகும். இத்தனையையும் அந்தக் கூட்டத்தில் நின்று விளக்குவதற்கு, ஷீட் மேல் ஏறுவதே சுலபம் என்று தோன்றியது. ஏணியை ஷீட் மேல் படுக்கப் போடச் சொல்லி, நான் குப்புறப் படுத்து ஊர்ந்தேன். "மெதுவாம்மா, ஷீட்டு புதுசு!" என்று மாமா கீழிருந்து கத்தினார். அந்த நேரத்தில் அவருக்கு ஷீட் கவலை.

மேலே மூன்று சாணி உருண்டைகள் இருந்தன. ஷீட் போட்ட பிறகு விழுந்த பல்லெல்லாம் அங்கேதான் போயிருக்கிறது. காய்ந்து போன இரண்டை உடைத்தேன். உள்ளே வேரே இல்லாத சின்னப் பற்கள். தானாக விழும் பால் பல் அப்படித்தான் இருக்கும். மூன்றாவது இன்னும் ஈரமாக இருந்தது. அதற்குள் நீளமான வேரோடு முழுப் பல்.

வெள்ளைப் பகுதியை மட்டும் பிடித்துக்கொண்டு இறங்கினேன். மாமா அதைப் பிடுங்காத குறையாக, "குடு, பல்பொடி போட்டு நல்லா தேய்ச்சி எடுத்துனு வரேன்" என்றார். வேரில் ஒட்டியிருக்கும் சதை போனால் பல் பிடிக்காது என்று சொல்லி, சுத்தமான தண்ணீரில் அலசி மட்டும் எடுத்தேன். அக்கா டம்ளரில் பால் கொண்டு வந்தாள். "சூடா, ஆறினதா?" என்று கேட்டார் மாமா. நான் டம்ளரை வாங்கிப் பல்லை உள்ளே போட்டேன்.

பூத்திலிருந்து மருத்துவருக்குப் போன் செய்து கிளினிக்கைத் திறக்கச் சொன்னேன். மாமா பைக்கை ஓட்ட, நடுவில் குழந்தை, பின்னால் டம்ளரோடு நான். திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு. பஸ் ஓட்டும் கை என்பதால் குழியெல்லாம் தெரிந்து ஓட்டினார் என்பதை மறுக்க முடியாது. ஆனாலும் ஒரு மணி நேரம் என்பது எப்போதோ தாண்டிவிட்டது.

மருத்துவர் பல்லைப் பார்த்தார், சாணிக் கதையைக் கேட்டார், என்னைப் பார்த்தார். "உங்க வீட்லயேவா?" என்றார். ஒட்டிக்கொள்ளும் என்று உறுதி சொல்ல முடியாது; சில வருஷம் நின்றால்கூட எலும்பைக் காப்பாற்றும்; வைத்துப் பார்க்கலாம் என்றார். நன்றாகச் சுத்தம் செய்து, குழியில் வைத்து, பக்கத்துப் பற்களோடு மெல்லிய கம்பியால் கட்டினார். டிடி ஊசி, மாத்திரைகள், பிறகு வேர் சிகிச்சை.

வெளியே பெஞ்சில் மாமா உட்கார்ந்திருந்தார். வழியெல்லாம் நான் மனதுக்குள் அடுக்கி வைத்திருந்த வசவுகளைச் சொல்லத்தான் போனேன். அவர் தலை நிமிராமலே கேட்டார்:

"எங்க போடணும்னு பெரியவங்க சொன்னாங்க. இன்னா சொல்லிப் போடணும்னு சொன்னாங்க. எந்தப் பல்லோட நிறுத்தணும்னு எனக்கு யாருமே சொல்லலியேம்மா."

மாத்திரைச் சீட்டை அவர் கையில் கொடுத்து, எதை எப்போது தர வேண்டும் என்று மட்டும் சொன்னேன்.

அந்தப் பல் அவள் பத்தாம் வகுப்பு படிக்கும் வரை நின்றது. பிறகு வேர் கரைந்து ஆடத் தொடங்கியது, எடுத்துவிட்டார்கள். கழற்றி மாட்டும் பல்லை நானே செய்தேன். பக்கத்துப் பல்லின் நிறத்துக்கு ஒத்துவர மூன்று முறை மாற்றினேன். இப்போது கல்லூரியில் படிக்கிறாள். எலும்பு ஓரளவு நின்றுவிட்டதால், அடுத்த வருஷம் நிலையான பல் வைக்கலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. அந்த எரிச்சலை யார் மேல் காட்டுவது என்று மட்டும் இன்றுவரை தெரியவில்லை. மகளுக்கு நல்ல பல் முளைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டவர் கைதான் அந்தப் பல்லைத் தூக்கி எறிந்தது.