பூசணிக்காய்க்குக் கண்ணாடி மாட்டிய ஞாயிற்றுக்கிழமை

சவர்க்கார வாசம்... ஈரச் சீமெந்தின் குளிர்... சுவிட்சர்லாந்தின் லாங்கன்தாலில் நாங்கள் இருந்த கட்டடத்தின் நிலவறை, துணி துவைக்கும் அறை. ஞாயிற்றுக்கிழமை அங்கே யாரும் துவைக்கக் கூடாது. அதனால்தான் அந்த நாளைப் பிடித்தோம்.

எண்பதுகளின் கடைசி. எனக்கு இருபத்துநாலு வயது. உலோகப் பட்டறையில் வேலை. அகதி விண்ணப்பத்துக்குப் பதில் இன்னும் வரவில்லை. கூட வேலை செய்த ஊலி என்ற சுவிஸ்காரன் ஒருநாள் கேட்டான்: "அடுத்த சனிக்கிழமை காட்டுக்கு வாறியோ? விளையாட்டுத் துவக்கு, பிளாஸ்டிக் குண்டு. சும்மா ஒளிச்சுப் பிடிக்கிறதுதான்."

வேலைக்கு வெளியே ஒரு சுவிஸ்காரன் என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. யோசிக்காமல் தலையாட்டிவிட்டேன்.

என்னோடு அறையில் இருந்த சிவம் அண்ணைக்கு அது பிடிக்கவில்லை.

"துவக்குக்குப் பயந்து ஓடி வந்தனாங்கள். நீ இஞ்ச வந்து விரும்பிப் போய்ச் சூடு வாங்கப் போறியோ?"

"அது விளையாட்டு அண்ணை."

"கண்ணுக்கு என்ன போடுவாய்?"

என் கறுப்புக் கண்ணாடியைக் காட்டினேன். அண்ணை வாங்கி வளைத்துப் பார்த்தார்... வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"சுட்டுப் பார்த்தால்தானே தெரியும்," என்றார்.

ஊலியிடம் ஒரு துவக்கை இரவல் வாங்கிப் பைக்குள் சுற்றிக் கொண்டுவந்தேன். பார்த்தால் அசல் மாதிரியே இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை நிலவறையில் ஒரு பூசணிக்காயை மேசையில் வைத்துக் கண்ணாடியை மாட்டினோம். குண்டு தெறிக்கும் என்று ஆளுக்கொரு பானை மூடியை முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டோம்.

முதல் சூட்டிலேயே கறுப்புக் கண்ணாடி உடைந்தது. ஒரு சில்லு பூசணிக்காயில் குத்தி நின்றது. அது என் கண்ணாக இருந்திருக்கும்.

அடுத்து மாட்டிய நீச்சல் கண்ணாடி விரிசல் விட்டது. கடைசியாக, இரும்புச் சாமான் கடையில் வாங்கிய, பட்டறைத் தொழிலாளர் போடுகிற பாதுகாப்புக் கண்ணாடி. அங்கே இருந்ததிலேயே மலிவானது. ரப்பர் விளிம்பு, இரண்டு கண்ணையும் மூடிய ஒற்றைத் தகடு. நாலு சூடு... சின்னப் புள்ளிகள் மட்டும்தான்.

அப்போது படிக்கட்டில் காலடிச் சத்தம்.

கட்டடத்துக்குப் பொறுப்பான பிரவ் ஹூபர், அதாவது திருமதி ஹூபர். போத்தலைத் தவறான பெட்டியில் போட்டாலே கதவில் கடிதம் ஒட்டுகிற மனுஷி. வாசலில் நின்று பார்த்தார். இரண்டு அகதிகள், கையில் துவக்கு.

மெல்ல அதை நிலத்தில் வைத்தேன். படித்த ஜெர்மன் எல்லாம் மறந்துபோய் மூன்று சொற்கள்தான் வந்தன. "கண்... கண்ணாடி... பரிசோதனை."

அவர் கிட்டே வந்து, பூசணிக்காயில் நின்ற சில்லை விரலால் தொட்டார். திரும்பி மேலே போய்விட்டார்.

"பொலிசுக்கு ஃபோன் அடிக்கப் போறா," என்றார் அண்ணை. "உன்ர கேஸ், என்ர கேஸ், ரெண்டும் முடிஞ்சுது."

ஐந்து நிமிடம். திரும்பி வந்த பிரவ் ஹூபரின் கையில் ஒரு பழைய பனிச்சறுக்குக் கண்ணாடி.

"தோட்டத்தில செடி வெட்டேக்க நான் இதைத்தான் போடுறனான்," என்றார். "இதையும் சுட்டுப் பாருங்கோ."

சுட்டேன். நடுவால் பிளந்தது. பிரவ் ஹூபர் வாய்விட்டுச் சிரித்தார். அதற்கு முன்பு அவர் பல்லைக்கூட நாங்கள் கண்டதில்லை. பிறகு எங்கள் கண்ணாடி எந்தக் கடையில் வாங்கியது என்று விசாரித்தார். மூச்சுப்பட்டு மங்காமலிருக்க உள்பக்கம் கொஞ்சம் சவர்க்காரம் தடவித் துடைக்கவும் சொல்லித் தந்தார்.

சனிக்கிழமை காட்டில் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. வலது கண்ணுக்கு நேரே 'டிக்' என்று ஒரு சத்தம். அப்படியே நின்று கண்ணைச் சிமிட்டினேன்... மரங்கள் தெரிந்தன. ஊலி ஓடிவந்து அந்தப் புள்ளியை உற்றுப் பார்த்தான். அவன் போட்டிருந்தது சாதாரண வெயில் கண்ணாடி. அடுத்த முறை எல்லோரும் ரப்பர் விளிம்போடு வந்தார்கள்.

இப்போது என் மகன் இதே விளையாட்டுக்குப் போகிறான். ஏர்சாஃப்ட் என்கிறான். எதைத் தாங்கும் என்று கண்ணாடியிலேயே அச்சிட்டிருக்கிறது. ஃபோனில் இரண்டு நிமிடத்தில் வாங்கிவிட்டான். நல்லதுதான்... கண் விஷயத்தில் ஊகம் வேண்டாம்.

என் அலமாரியில் சுவிஸ் பாஸ்போர்ட் இருக்கிறது. பொலிசுக்குப் பயந்து வாய் உலர்வதில்லை. ஆனால் பயம் அப்படியே சிரிப்பாக மாறுகிற ஒரு நிமிடம்... அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு எனக்கு வாய்க்கவேயில்லை.