ஹேவாஹெட்ட மண்ணில் அண்ணன் தேடியது

அண்ணன் எம்மைவிட்டுப் பிரிந்து ஓராண்டாகிறது. அவுஸ்திரேலியாவிலிருந்து திரும்பியவர் ஏன் ஒரு வீட்டில் தங்காமல் மண்சரிவின் ஓரத்தில் வேனுக்குள் குடியிருந்தார் என்று இறுதிக் கிரியைக்கு வந்த பலர் கேட்டீர்கள். அன்று பதில் சொல்லும் நிலையில் நான் இல்லை. தம்பி என்ற முறையில் இங்கே எழுதுகிறேன்.

ஹேவாஹெட்டத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் எம் பெற்றோரின் மூத்த மகனாக அண்ணன் பிறந்தார். அப்பா காலமானதும் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுக் கண்டியில் ஒரு கராஜில் சேர்ந்தார். நான் படித்தது அந்தச் சம்பளத்தில்தான். அண்ணியை மணந்த பின்னும் அதே லயத்திலேயே இருந்தார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. பிற்பாடு லொறி திருத்தும் வேலைக்காக மேற்கு அவுஸ்திரேலியா சென்றார்.

விடுமுறை நாட்களில் வேலைத்தள நண்பர்களோடு கேரவனை இழுத்துக்கொண்டு செம்மண் வெளிக்குப் போவார். மெட்டல் டிடெக்டரைத் தரையை ஒட்டி இடமும் வலமுமாக வீசி, காதில் விழும் ஒலியைக் கொண்டு தங்கம் தேடுவார்கள். ஆணிக்கு ஒரு சத்தம், தங்கத்துக்கு ஒரு சத்தம். அண்ணனுக்குக் கிடைத்தது பயறளவில் ஒரே ஒரு கட்டி. "ஒனக்குத் தோடு" என்று வீடியோ அழைப்பில் அண்ணியிடம் காட்டினார்.

"இது ஒரு காதுக்குத்தான் காணும். மத்தக் காதுக்கு எப்ப?" என்று அண்ணி சிரித்தார்.

ஒருமுறை அந்த வெளியில் வாகனம் பழுதாகி, சில நாட்கள் அண்ணனிடமிருந்து தகவலே வரவில்லை. பிறகு பத்திரமாகத் திரும்பினார். அந்த நாட்களில் அண்ணி என்ன செய்தார் என்பது அவருக்குத் தெரியாது.

அதற்கடுத்த மழையில் மலை சரிந்து லயத்தை மூடியது. இறந்த மற்றவர்களின் உடல்கள் கிடைத்தன. அண்ணியின் உடல் மட்டும் கிடைக்கவில்லை. தேடுதலை நிறுத்திய பிறகே அண்ணனால் வந்து சேர முடிந்தது. கையோடு டிடெக்டரைக் கொண்டுவந்திருந்தார்.

"தாலி தங்கம். தாலி இருக்கிற எடத்துல அவ இருப்பா" என்றார்.

கருவிக்கு ஒரு முழத்துக்குக் கீழே கேட்காது. மண்ணோ லயத்துக் கூரையைவிட உயரமாகக் கிடந்தது. அதனால் ஒரு படை மண்ணை வெட்டி ஒதுக்குவார், கருவியை வீசிக் கேட்பார், மறுபடி வெட்டுவார். அந்தப் பயறளவுக் கட்டியைத் தரையில் வைத்து, தங்கத்தின் சத்தம் சரியாகக் கேட்கிறதா என்று தினமும் பார்த்துக்கொள்வார். மற்றச் சத்தங்களை விட்டுவிடுவார்.

விஷயம் அறியாத ஆட்டோக்காரர் ஒருவர் வீதியிலிருந்து, "அண்ணே, புதையல் கெடச்சா எங்களுக்கும் பங்கு!" என்று கத்தினார்.

"கெடச்சா ஊரையே கூப்பிடுவேன்" என்றார் அண்ணன்.

லயத்தில் அண்ணியின் பக்கத்து வீட்டில் இருந்து, சரிவில் தப்பிய அக்கா அன்றாடம் தேத்தண்ணீர் கொண்டுவருவார். ஒருநாள் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:

"அண்ணே, அவங்க கழுத்துல தாலி இல்ல."

"கயிறு இருந்திச்சே. போன்ல பாத்தேனே."

"கயித்துல மஞ்சக் கெழங்குதான். நீங்க அங்க காணாமப் போன நேரம், ஆளு உசுரோட வந்தா தாலியப் போடுறேன்னு மாரியம்மனுக்கு வேண்டிக்கிட்டாங்க. நீங்க பேசின அன்னைக்கே உண்டியல்ல போட்டுட்டாங்க. வந்ததும் நீங்க புதுசாக் கட்டுவீங்கன்னு இருந்தாங்க."

"இத ஏன் தங்கச்சி முந்தியே சொல்லல?"

"தேடிக்கிட்டிருந்தாத்தான் நீங்க இருப்பீங்கன்னு நெனச்சேன்."

அண்ணன் கருவியை அணைத்துத் தரையில் வைத்தார். பிறகு, "மெட்டி?" என்றார்.

"அது இருந்திச்சி. வெள்ளி மெட்டி."

வெள்ளிக்குச் சத்தம் வேறு. கேட்டு முடித்ததென்று ஒதுக்கிய மண் முழுவதையும் மறுபடி கேட்க வேண்டும். அக்கா தன் கால் மெட்டியைக் கழற்றி மண்மேல் வைத்தார். "இந்தச் சத்தந்தான் அண்ணே. நல்லாக் கேட்டுக்குங்க." தங்கக் கட்டியை அண்ணன் அதன்பின் வெளியே எடுக்கவேயில்லை.

கரண்டி, பித்தளைச் செம்பு, அலுமினியச் சட்டி எல்லாம் வந்தன. மெட்டி வரவில்லை. மழை திரும்பியது, இருமல் நெஞ்சில் இறங்கியது. "கண்டிக்கு வாங்கண்ணே, சுகமானதும் திரும்பி வரலாம்" என்று கெஞ்சினேன்.

"அவ மண்ணுல கெடக்குறா. என்னக் கட்டில்ல படுக்கச் சொல்லுறியா?"

கடைசியில் கட்டிலில்தான் படுத்தார். ஆஸ்பத்திரியில் அவருடைய வலது கை போர்வைமேல் இடமும் வலமுமாகப் போய்வந்துகொண்டிருந்தது. அது நின்றபோது நான் அருகில் இருந்தேன்.

அண்ணனோடு மண் வெட்டிய தோட்டத்து உறவுகளுக்கும், அனுமதி பெற்றுத் தந்த கிராம சேவகருக்கும், மருத்துவர்கள் தாதியருக்கும், தன் மெட்டியைக் கழற்றித் தந்த அக்காவுக்கும் எங்கள் குடும்பம் என்றென்றும் கடமைப்பட்டுள்ளது.

இன்னும் ஒன்று கேட்கிறேன். அந்தச் சரிவின் மண்ணை இப்போது வீதி வேலைக்காக லொறிகளில் ஏற்றிச் செல்கிறார்கள். உங்கள் பக்கம் அது கொட்டப்பட்டால் கொஞ்சம் பாருங்கள். மெட்டிகள் கறுத்துப்போயிருக்கும். தகரத் துண்டென்று எறிந்துவிடாதீர்கள். கண்ட இடத்தில் ஒரு தடியை நட்டுவிட்டு எங்களைக் கூப்பிடுங்கள். மிச்சத்தை நாங்கள் தோண்டிக்கொள்கிறோம்.