அக்காவின் முதல் கட்டுரையை மறந்துவிடுங்கள்

அக்கா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. திதிக்கு மலையேறி வந்திருக்கும் உறவினர்களுக்கும் அக்காவின் அலுவலக நண்பர்களுக்கும் வணக்கம். இந்த நினைவு மலரில் அக்காவின் ஆய்வுக் கட்டுரைகளை வரிசையாக அச்சிடலாம் என்று நண்பர்கள் கேட்டார்கள். முதல் கட்டுரையை மட்டும் விட்டுவிடுங்கள் என்றேன். பேர் வாங்கிக் கொடுத்ததே அதுதானே என்று திகைத்தார்கள். காரணத்தை இங்கே எழுதுகிறேன். வாசலூர்பட்டி படகுத்துறையில் கடை போட்டுப் பிழைப்பவள் நான். எனக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது.

எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு. அக்கா தேவனூர் நாட்டில் எங்கள் காட்டு வீட்டில் பிறந்தார். அப்பா சீக்கிரமே காலமாகிவிட, அம்மா அடுத்தவர் மிளகுத் தோட்டத்தில் கூலிக்குப் போய் அக்காவை அடிவாரத்து விடுதியில் சேர்த்தார். கோயில் திருவிழாவான நோம்பிக்குக்கூட அக்கா ஊருக்கு வந்ததில்லை. சொல்லி வைத்தாற்போல் அந்த நாட்களில்தான் பரீட்சை வரும். அப்படிப் படித்துத்தான் சுகாதார ஆராய்ச்சியாளர் ஆனார். எங்கள் வம்சத்தில் முதல் முனைவர் அவர்தான்.

மலைப் பெண்களுக்கு ஏன் இவ்வளவு ரத்தசோகை என்பதே அக்காவின் முதல் ஆய்வு. கணக்கெடுக்க ஆட்களை எப்போது அனுப்புவது என்ற பேச்சு எழுந்தபோது, "நோம்பிக்கு எல்லாரும் ஊட்டுல இருப்பாங்க, அப்பவே அனுப்புங்க" என்று அக்காவே சொன்னார். கீழிருந்து வந்த ஊழியர்கள் வீடு வீடாகப் போய், நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டார்கள். கூழ், மோர், மறுபடியும் கூழ். கறி இல்லை, முட்டை இல்லை. சோகைக்குச் சத்தில்லாத சாப்பாடுதான் காரணம் என்று கட்டுரை வந்தது.

ஒருவர் எழுதியதை மற்ற ஆய்வாளர்கள் ஆதாரமாக எடுத்துக் காட்டினால் அது மேற்கோள். மேற்கோள் கூடக் கூடத்தான் அந்த உலகத்தில் மரியாதை. அக்காவின் கட்டுரையை எங்கெங்கோ இருந்தவர்கள் மேற்கோள் காட்டினார்கள். அதை நம்பி, மலையில் சத்து மாத்திரை கொடுத்தால் போதும், வேறு பரிசோதனை வேண்டாம் என்று மேலிடத்து அதிகாரிகள் முடிவெடுத்தார்கள்.

எங்கள் மாமன் மகளை எடப்புளி நாட்டில் கட்டிக் கொடுத்திருந்தோம். மாசமானதிலிருந்து வெளுத்துக்கொண்டே வந்தாள். கொடுத்த மாத்திரையைத் தவறாமல் விழுங்கினாள். பிரசவத்துக்குக் கீழே கொண்டுபோன ஆஸ்பத்திரியில் தாயும் போனாள், பிள்ளையும் போயிற்று. பரம்பரையாக வரும் ரத்தக் கோளாறு அவளுக்கு இருந்திருக்கிறது என்று டாக்டர் சொன்னார்.

"முன்னாடியே டெஸ்ட் பண்ணியிருக்கணும்மா. உங்க மலையில சாப்பாட்டுக் குறைதான்னு ஒரு பேப்பர் இருக்கு. அதனால யாரும் பார்க்கல."

யாரிடம் பேசுகிறோம் என்று அவருக்குத் தெரியாது. அந்தப் பேப்பரை எழுதிய அக்கா எதிரில்தான் நின்றார்.

இழவு வீட்டில் அத்தை மாரடித்து அழுதார். "கறியும் முட்டையுமாப் போட்டுத்தானே சாமி வளத்தேன்!"

அக்கா நிமிர்ந்தார். "அத்தை, அன்னைக்கு எழுத வந்தவங்ககிட்ட கூழுன்னுதானே சொன்னீங்க?"

"அப்ப நோம்பி சாட்டியிருந்துச்சே கண்ணு. சாட்டுன பொறவு ஊருக்குள்ள கறி ஏது, தாளிப்பு ஏது? நேத்து என்னன்னு கேட்டாங்க, சொன்னோம். கறின்னு வாய்விட்டுச் சொன்னாலே சாமி குத்தமாச்சே."

திருவிழா நடக்கும் என்று ஊருக்குச் சாட்டி அறிவித்துவிட்டால், அது முடியும்வரை கவிச்சி கூடாது என்பது மலையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நோம்பியே பார்க்காமல் வளர்ந்த அக்காவுக்கு அது நினைவுக்கு வரவில்லை. அன்று எனக்கு அக்கா மேல்தான் கோபம் வந்தது. வாய்க்கு வந்தபடி பேசினேன்.

கட்டுரையைத் திரும்பப் பெறப் போவதாக அக்கா சொன்னபோது, அவருடைய மேலதிகாரி, "அதுதானம்மா உன் பேரு. அதையும் எடுத்துட்டா உன்கிட்ட என்ன இருக்கு?" என்றாராம். அக்கா கேட்கவில்லை. திரும்பப் பெற்றார். வரவேண்டிய பதவி உயர்வு வரவில்லை. பிறகு ஊர் ஊராக நடந்து, ரத்தம் எடுத்துப் பரிசோதித்து, பலருக்கும் அந்தப் பரம்பரைக் கோளாறு இருக்கிறது என்று இரண்டாவது கட்டுரை எழுதினார். அதை மேற்கோள் காட்ட ஆளில்லை. முதலாவதை மட்டும் ஒருவரைப் பார்த்து ஒருவர் இன்றும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

கடைசியில் கல்லீரல் கெட்டுப் படுக்கையில் கிடந்தபோதும் அக்கா செல்போனில் முதல் கட்டுரையின் மேற்கோள் கணக்கைத்தான் பார்ப்பார். "இன்னும் ஏறுது கண்ணு" என்பார். தலையெழுத்து, விடக்கா என்று போனை வாங்கி வைப்பேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி கேட்பார். அடக்கத்தன்று மாலை போட வந்த பெரியவர் ஒருவரும் அந்தக் கட்டுரையைத்தான் புகழ்ந்து பேசினார். கூட்டத்தில் இருந்த அத்தை எழுந்து வெளியே போய்விட்டார்.

அக்காவின் உடலை இருட்டுவதற்குள் மலைக்குக் கொண்டுவந்து சேர்த்த வேன் ஓட்டுநருக்கும், ஆஸ்பத்திரியில் என்னோடு மாறி மாறி இருந்த அலுவலகப் பெண்களுக்கும் நன்றி. முதல் தடவை ஏமாந்த பிறகும் இரண்டாம் தடவை கையை நீட்டி ரத்தம் கொடுத்தார்களே, அந்த ஊர்க்காரர்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. முதலில் கையை நீட்டியவர் எங்கள் அத்தை. அவருடைய இளைய மகளுக்கும் அதே கோளாறு இருப்பது அப்போதுதான் தெரிந்தது. முன்கூட்டியே வைத்தியம் பார்த்ததால் பிழைத்தாள். இன்று பந்தியில் மடியில் குழந்தையோடு உட்கார்ந்திருப்பாள், பாருங்கள்.

படித்தவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அக்காவின் முதல் கட்டுரையை இனி எங்கேயும் எடுத்துக் காட்டாதீர்கள். மலைச் சனங்களே, உங்கள் வீட்டில் ஒரு பெண் மாசமானால், மாத்திரையோடு நிற்காமல் அந்தப் பரம்பரைக் கோளாறுக்கான ரத்தப் பரிசோதனையைச் செய்யச் சொல்லிக் கேளுங்கள். எதற்கு என்று யாராவது கேட்டால் அக்கா பேரைச் சொல்லுங்கள்.