எடைக்குக் கூப்பிடுறாங்க

குன்னூர் பஸ் ஸ்டாண்டுக்கு மேலே, படிக்கட்டை ஒட்டிய செல்போன் கடையில் சசிரேகா தன் போனை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு நின்றாள். ஒரு வாரமாகத் தானே அணைந்து தானே எழுந்துகொண்டிருந்த போன், நேற்றிலிருந்து ஒரு கறுப்புத் திரையைத் தாண்டி வர மறுத்தது. அதில் வரிவரியாக ஆங்கிலம்.

"ரெக்கவரில மாட்டிக்கிச்சுங்க," என்றான் கடைக்காரன் டெனின். "வைப் டேட்டா குடுத்தா ஒரு டீ குடிக்கிற நேரத்துல ரெடி."

"உள்ள இருக்கிறது எல்லாம் போயிருமுல்லங்க?"

"பின்ன போகாம? போனு புதுப்பொண்ணாட்டம் ஆயிரும்."

அவள் சிரிக்கவில்லை. பக்கத்தில் நின்ற அப்பா மூக்கன் மெல்லக் கேட்டார். "என்ன சாமி எழுதியிருக்குது?"

"எல்லாத்தையும் தொடச்சுரட்டுமான்னு கேக்குதுங்கப்பா."

"வேண்டாம்னு சொல்லு."

சொல்ல முடிந்தால் சொல்லியிருக்க மாட்டாளா? அந்த போனுக்குள் அம்மாவின் குரல் இருந்தது.

இசக்கியம்மா எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவள். எழுதத் தெரியாது. மகள் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் தங்கி, தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் அந்த லயத்திலேயே முதல் ஆளாக டிகிரி படித்தபோது, தேயிலைக் காட்டிலிருந்து தினமும் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்புவாள். சாப்பிட்டாயா, மழையா, காசு இருக்கிறதா. பட்டம் வந்தது, வேலை வரவில்லை. அதற்குள் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்துவிட்டது. வலது கை விழுந்தது. பேச்சு மொத்தமாகப் போய், ஒரே ஒரு சொல் மிஞ்சியது.

எடை.

தண்ணீர் வேண்டுமென்றால் எடை. புரட்டிப் படுக்க வைக்க வேண்டுமென்றால் எடை. கோபம் வந்தால், இடது கையால் கட்டிலில் அடித்து, எடை, எடை.

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் ஆன்சி, "அவங்க பழைய பேச்சு ரெக்கார்டு எதாச்சும் இருந்தா கொண்டாங்க. சொந்தக் குரலக் கேட்டா வார்த்தை எதாவது திரும்புதான்னு பாக்கலாம்," என்றிருந்தார். நிறைய இருக்கிறது என்று சசிரேகா பெருமையோடு சொன்னாள். அந்த வாரமே போன் மக்கர் பண்ணத் தொடங்கியது. பேக்கப் எடுக்கட்டுமா என்று அது கேட்டபோதெல்லாம் 'பிறகு' என்பதை அழுத்தித் தள்ளியிருந்தாள். கம்ப்யூட்டர் படிப்பு படித்தவள். இதைக்கூடச் செய்து வைக்காத படிப்பு என்ன படிப்பு என்று நேற்று முழுக்கத் தன்னையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, இப்ப நீங்க தொட்டீங்களா?" டெனினின் குரல் மாறியிருந்தது.

யாரும் தொடவில்லை. ஆனால் திரையில், எந்த வரி தேர்வாகியிருக்கிறது என்று காட்டும் நீலப்பட்டை ஒரு வரியிலிருந்து மேல்வரிக்குத் தாவியது. கொஞ்சம் நின்று, மறுபடி தாவியது.

"இது சாஃப்ட்வேர் இல்லீங்க. சத்தம் கூட்டற பட்டன் உள்ளயே அமுங்கிக் கெடக்குது. அது அமுங்கியிருக்க, ஆன் பண்ணா இந்தத் திரைதான் வரும்." அவன் போனை வாங்கி விளக்கில் சாய்த்தான். "பவர் பட்டனும் ஒட்டுது. அதான் ஆஃப் ஆகி ஆஃப் ஆகி வந்திருக்குது. தண்ணியில போட்டீங்களா?"

"மழையில நனஞ்சுது. ஆனா காய வெச்சுட்டோமே," என்றாள்.

மூக்கன் தொண்டையைச் செருமினார். "நாந்தேன் வேல பாக்கிற டீ ஃபேக்டரிக்குக் கொண்டுபோயி காய வெச்சேன். ட்ரஃப்புல."

"எதுலங்க?"

"பச்சக் கொழுந்த வாட்டறதுக்குப் பரப்புவோமில்ல, அதுல. அடியில இருந்து ராத்திரி பூரா காத்து வரும். கொழுந்தே வாடுது, போனுல இருக்கிற ஈரம் வாடாதான்னு... காலையில பாத்தா கொழுந்துக்குள்ள பொதஞ்சு கெடந்துச்சு."

"நல்லவேளைங்க, ரோலர்ல போட்டு அரைக்காம விட்டீங்க," என்றான் டெனின்.

சசிரேகா அப்பாவைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார். திட்ட நினைத்தாள். அதற்குள் நீலப்பட்டை 'வைப் டேட்டா' வரிக்கு வந்து நின்றது.

"இதுல ஓகே பண்றது எந்தப் பட்டன்?" அவளுக்கே பதில் தெரியும்.

"பவர் பட்டன்தான்."

சொல்லி முடிக்கவில்லை, திரை மாறியது. 'நோ', 'யெஸ்' என்று இரண்டே வரி. பட்டை 'நோ'வில் இருந்தது. துடித்தது. 'யெஸ்'ஸுக்குப் போனது.

"அண்ணா, எதாச்சும் பண்ணுங்க! அண்ணா!"

டெனின் பின்மூடியைச் சூடுகாட்டக்கூட நிற்கவில்லை. தகட்டைச் செருகி நெம்பினான். மூடி ஓரம் உடைந்து தெறித்தது. ஒரு திருகு, இன்னொரு திருகு. மூக்கன் சாமி கும்பிடுவதுபோலக் கைகளைக் குவித்திருந்தார். பட்டை 'நோ'வுக்குத் திரும்பி மறுபடி 'யெஸ்'ஸில் நின்றபோது டெனின் பேட்டரி இணைப்பைச் சுண்டி எடுத்தான். திரை இருண்டது.

பட்டன்களைச் சுற்றி கரும்பச்சைப் பிசின். பறிப்பவர்கள் விரலில் படியும் அதே தேயிலைக் கறை. பவர் பட்டனைத் துடைத்துக் காப்பாற்றினான். சத்தம் கூட்டும் பட்டன் தேறவில்லை, பிடுங்கிப் போட்டுவிட்டான்.

போன் எழுந்தது. "மறுபடி எப்ப படுக்கும்னு சொல்ல முடியாதுங்க. போர்டுலயும் ஈரம் போயிருக்குது," என்று எச்சரித்து, குரல்களைத் தன் கம்ப்யூட்டருக்கு இறக்கத் தொடங்கினான். பாதியில் போன் அணைந்தது. கிடைத்தவற்றை மூக்கனின் போனுக்கு மாற்றிக் கொடுத்தான். மீதிக்கு நாளை வரச் சொன்னான். மீதி இருக்குமா என்று அவள் கேட்கவில்லை.

லயத்தில் இசக்கியம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். சசிரேகா அப்பாவின் போனை அவள் காதருகே வைத்து அழுத்தினாள். முதலில் காற்று. பிறகு பெண்களின் சிரிப்பு. பிறகு அம்மா.

"சசி, சாப்ட்டியா புள்ள? இங்க ஒரே மிஸ்ட்டு, பக்கத்து நெறையில நிக்கிறவ மூஞ்சி தெரியல. இரு, எடைக்குக் கூப்புடறாங்க. அப்புறம் பேசறேன்."

அவ்வளவுதான். பறித்த கொழுந்தை நிறுக்கக் கூப்பிடும்போது எல்லாமே இப்படித்தான் முடியும். எல்லாவற்றையும் சசிரேகா கேட்டிருக்கிறாள். ஆனால் அம்மாவிடம் மிஞ்சிய சொல் எங்கிருந்து வந்ததென்று இப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

இசக்கியம்மா திரும்பினாள். போனைப் பார்த்தாள். கண்களில் கோபமா, பயமா, தெரியவில்லை. "எடை," என்றாள்.

"ஆமாம்மா, எடை. அதுக்கப்புறம்? அதுக்கப்புறம் என்ன சொன்ன?"

மறுபடி போட்டாள். மறுபடியும் போட்டாள். மூக்கன் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். உள்ளே வர அவருக்குத் தைரியம் வரவில்லை.

குரல் முடிந்த பிறகு இசக்கியம்மாவின் உதடுகள் ஒட்டின. ஒட்டியபடியே இருந்தன. "ப்," என்று காற்று வந்தது.

அது 'அப்புறம்' என்ற சொல்லா, வெறும் மூச்சா? சசிரேகாவுக்குத் தெரியவில்லை. அவள் மறுபடி அழுத்தினாள்.