கெட்டுப்போன ஹலால் இறைச்சி

மூன்று வருடங்களுக்கு முன், உதியன்குளங்கரையில் எங்கள் வீட்டில் மகளுக்கு நிச்சயம். மாப்பிள்ளை வீட்டார் சாயங்காலம் வருவதாக இருந்தது. விருந்துப் பொறுப்பை எடுத்துக்கொண்டவர் என் காக்கா, அதாவது மூத்த அண்ணன்.

காக்காவோடு கடைக்குப் போவது பெரிய சோதனை. பிஸ்கட் பாக்கெட்டில் பொடி எழுத்தில் இருப்பதைக்கூட வாசித்து, ஹலால்தான் என்று உறுதியானால்தான் வாங்குவார். பக்கத்துக் கடை ஆட்டிறைச்சியை நம்பாமல், தனக்குத் தெரிந்த ஒருவரிடம் வாங்கக் கள்ளிக்காடு வரைக்கும் என்னை இழுத்துக்கொண்டு போனார். அதிகாலையிலேயே அறுப்பு. அறுப்பவர் இறைவன் பெயரைச் சொல்லி பிஸ்மி ஓதியதைப் பக்கத்தில் நின்று கேட்டார். கத்தியின் கூர்மையையும் பார்த்தார்.

திரும்பும் வழியில் அமரவிளையில் கேக் வாங்க நிறுத்தினோம். அதில் ஜெலட்டின் உண்டா, எந்த மிருகத்தினுடையது என்று விசாரணை. கடைப் பெண்ணுக்குத் தெரியவில்லை. முதலாளி வரட்டும் என்று உட்கார்ந்துவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்புறம் இன்னொரு கடை. கடைசியில் கேக்கே வாங்கவில்லை. அவ்வளவு நேரமும் இறைச்சி வெயிலில் நின்ற காரின் டிக்கிக்குள் கிடந்தது.

வீடு வந்தபோது நண்பகல். சமையலுக்கு வந்தவர் எங்கள் தெருவிலுள்ள கிறிஸ்தவர். பொதியைப் பிரித்ததுமே அவர் முகம் மாறியது.

"அண்ணே, அறுத்ததுல குறை ஒண்ணும் இருக்காது. ஆனா எறச்சி வாடை வந்துபோச்சு. இத நான் வைக்க மாட்டேன்."

மஞ்சள் போட்டுக் கழுவினால் போதும், ஹலால் இறைச்சியைப் பற்றி எங்களுக்குச் சொல்லித்தர வேண்டாம் என்று கத்திவிட்டேன். உண்மையில் கோபம் காக்கா மேல். சமையல்காரர் அடுப்பை அணைத்தார்.

காக்கா குனிந்து மோந்து பார்த்தார்.

"எலே, அவரு சொல்லுறதாக்கும் சரி. ஹலாலா மட்டும் இருந்தா போராது, தய்யிபாவும் இருக்கணும். சுத்தமா, ஒடம்புக்கு நல்லதா. நான் பாதியத்தான் பாத்தேன்."

இறைச்சியைத் தோட்டத்தில் குழிதோண்டிப் புதைத்தோம். அந்நேரத்துக்கு வேறு நல்ல இறைச்சி கிடைக்கவில்லை. நெய்ச்சோறும் முட்டைக் குருமாவும்தான். காக்காவே எழுந்து நின்று, தன் தவறு என்று சம்பந்திகளிடம் சொன்னார். சிலர் முகம் சுருங்கியது. மாப்பிள்ளையின் உம்மா மட்டும், எல்லாரும் வயிறு கெடாமல் வீடு சேர்ந்தால் அதுவே பெரிய விருந்து என்றார்.

காக்கா மேல் எனக்கு எரிச்சல் இன்னும் தீரவில்லை; ஆனால் அன்று மார்க்கத்தின் பெயரைச் சொல்லிக் கெட்ட இறைச்சியை விருந்தாளிகளுக்குப் போடத் துணிந்தவன் நானாக்கும் என்று நினைக்கும்போது, வாய் தானாக அடைத்துக்கொள்கிறது.