உட்காரப் பழக்கிய அக்கா

எங்கள் அக்கா பிறந்தது புக்கிட் ரோத்தானுக்கு உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில். நான்கு பிள்ளைகளில் மூத்தவர். அப்பா பால்மரம் சீவினார், அம்மா களை எடுத்தார். பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்ததும் கோலா சிலாங்கூரில் ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் தட்டச்சு வேலைக்குச் சேர்ந்த அக்கா, கடைசியில் அதன் பொறுப்பாளராகவே ஆனார். இடையில் அத்தான் காலமானதும், ஒற்றை ஆளாக நின்று மகளைப் படிக்கவைத்ததும் உறவினர் அறிந்ததே. அந்த நாளிலும் அவர் அழுததைவிட எங்களை அதட்டியதுதான் அதிகம்.

அவர் செய்த வேலை சிலருக்குத் தெரியாமல் இருக்கலாம். தோட்டத்தில் வேலை இல்லாமல் போன பெண்களுக்கு ஆறு வாரம் பயிற்சி கொடுத்து, ஆள் கிடைக்காமல் தவிக்கும் தொழிற்சாலைகளில் சேர்த்துவிடுவார். பாசிர் பெனம்பாங்கில் மீன் உருண்டை செய்யும் தொழிற்சாலை ஒன்றுதான் முதலில் சம்மதித்தது. முதல் குழுவில் பன்னிரண்டு பேர். அவர்கள் தேறினால் தோட்டத்துக்குத் தினமும் தொழிற்சாலை வேன் வரும், அடுத்த குழுவுக்கும் இடம் உண்டு. தேறாவிட்டால் எல்லாம் அதோடு சரி.

நேர்காணலில் பன்னிரண்டு பேரும் தோற்றார்கள். மேலாளர் சீனர், நல்ல மனிதர். உட்காரச் சொல்லி நாற்காலியைக் காட்டியிருக்கிறார். ஒருவரும் உட்காரவில்லை. தோட்ட அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணி முன்னால் யார் உட்கார்ந்தார்கள்? கைகட்டித் தலைகுனிந்து நின்றிருக்கிறார்கள். எப்போது கிளம்பலாம் என்று நிற்கிறார்கள், வேலையில் விருப்பமில்லை என்று மேலாளர் முடிவுகட்டிவிட்டார்.

குழுவில் மூத்தவரான செல்வி, மூன்று பிள்ளைகளின் தாய். என்ன நடந்தது என்று அக்கா அவரைத்தான் கேட்டார்.

"பெரிய ஆளு முன்னால எப்படிக்கா ஒக்கார்றது? கூச்சமா இருக்கு லா."

அக்காவுக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. மீன் அறுக்க, கையுறை போட, இயந்திரம் கழுவ எல்லாம் சொல்லிக்கொடுத்தவருக்கு இது தோன்றவே இல்லை. நேரே மேலாளரிடம் போய், உங்கள் இடத்தில் நாள் முழுக்க நின்றுதானே வேலை, என் ஆட்கள் அதைத்தானே செய்து காட்டினார்கள் என்று மலாய் மொழியில் கேட்டிருக்கிறார். அவர் வாய்விட்டுச் சிரித்து, மறுவாரம் மீண்டும் வரச் சொன்னார்.

அந்த வாரம் கோயில் மண்டபத்தில் நடந்த நேர்காணல் ஒத்திகைக் கூத்தை நான் பார்த்தேன். மேலாளராக நடிக்க அக்கா என்னைத்தான் பிடித்து வைத்திருந்தார். செல்வி வந்து நாற்காலி நுனியில் ஒட்டிக்கொள்வார். நான் இருமினால் எழுந்துவிடுவார்.

"ஒக்காரு செல்வி. அவன் என் தம்பி. அவனுக்கெல்லாம் எந்திரிக்காத."

பன்னிரண்டு பேருக்கும் வேலை கிடைத்தது. அதன் பிறகு செகிஞ்சான் அரிசி ஆலை வரை அக்காவின் ஆட்கள் போனார்கள்.

சென்ற ஆண்டு அக்கா நோயில் படுத்தபோது மகளுக்கு ரவாங்கில் வேலை. தம்பி தங்கைகள் நாங்கள் ஆளுக்கோர் ஊரில். இப்போது தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருக்கும் செல்வி, அக்கா பயிற்றிய பெண்களில் யார் எந்த நாள் அக்காவோடு இருப்பது என்று ஷிப்ட் பார்த்து ஓர் அட்டவணை எழுதினார். ஒருநாள்கூட அக்கா தனியாக இருக்கவில்லை. ஷிப்ட் மாற்றிக்கொள்ள விட்ட மேலாளருக்கும், ஏற்றி இறக்கிய வேன் ஓட்டுநருக்கும், தாதியருக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது.

அட்டவணையில் ஞாயிற்றுக்கிழமைக்கு நேரே என் பெயர் இருந்தது. என்னைக் கேட்காமல் செல்வியே எழுதியது. அவர் எழுதியிராவிட்டால், வேலை இருக்கிறது என்று சொல்லியே அக்காவின் கடைசி ஞாயிறுகளை நான் தவறவிட்டிருப்பேன்.